கொதிக்காத கார்

அப்பாவின் அம்பாசிடர் தெப்பக்குளத்தைத் தாண்டாது. பசுமலையிலிருந்து நன்றாகத்தான் கிளம்பும். குளத்து மதிலோரம் நெரிசலில் சிக்கியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பில் ஏறும், பானட்டிலிருந்து ஆவி கிளம்பும்.

தினமும் நாலு மணிக்கு இந்தக் கூத்து. அம்மா ஒத்தக்கடைப் பள்ளியில் டீச்சராக இருந்தார். அந்தக் காலத்தில் பள்ளி விடும் நேரத்துக்கு அப்பா காரில் போய்க் கூட்டி வருவார். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. அப்பாவின் நினைவில் அது நிற்பதில்லை. நாலு மணியானால் சட்டையை மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் முடியாது என்றேன். செருப்பில்லாமல் நடந்தே கிளம்பிவிட்டார். பைபாஸில் லாரிகளுக்கு நடுவே கண்டுபிடித்தோம். அன்றிலிருந்து நான் டிரைவர்.

கார் கொதித்தால் அப்பா இறங்குவார். கை சுட்டுவிடும் என்று என்னை ரேடியேட்டர் பக்கமே விடமாட்டார். ஆறியதும் அவரே தண்ணீர் ஊற்றி, குனிந்து பார்ப்பார். "ஒழுகுதுய்யா. இனி போய்ச் சேர முடியாது. அவ பஸ்ல வந்துருவா, வண்டியத் திருப்பு" என்பார். வீடு வருவதற்குள் மறந்துவிடும். காபி குடித்துவிட்டு நிம்மதியாக இருப்பார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. வயதான மனிதரைத் தினமும் வெயிலில் ரோட்டோரம் நிறுத்திவைப்பதா? இன்ஜின் அடியோடு போய்விட்டால் மறுபடி நடக்கக் கிளம்பிவிடுவாரே என்ற பயம் வேறு. அந்தப் பள்ளி வாசலை ஒருமுறை கண்ணால் பார்த்தால் அப்பாவின் மனசு ஆறும் என்றும் நினைத்தேன்.

மெக்கானிக் ஃபேன் பெல்ட்டை மாற்றினார், ஃபேனையே மாற்றினார், இன்ஜின் டைமிங்கைச் சரிசெய்தார். "இதுக்கு மேல மீனாட்சிதாண்ணே பாக்கணும்" என்று கையை விரித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நானே ரேடியேட்டர் தண்ணீரை வடித்தேன். மஞ்சளாக வந்தது. பின்னாலேயே சேறு போல ஒன்று வழிந்தது. விரலில் தொட்டு முகர்ந்தேன். சமையல் மஞ்சள்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது பழைய வைத்தியம். ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். முன்பு ஒருமுறை ரேடியேட்டர் ஒழுகிக் கார் வழியில் நின்றுபோய், அம்மா பள்ளி வாசலில் இருட்டும்வரை தனியாக நின்றார். அதற்குப் பிறகு டிக்கியில் மஞ்சள் பொட்டலம் இல்லாமல் அப்பா வண்டியை எடுத்ததில்லை. ஒழுகிய அந்த ரேடியேட்டரை மாற்றியே பல காலமாயிற்று. ஆனால் இவர் தினமும் அடுப்படி டப்பாவிலிருந்து அள்ளிப் போட்டுவந்திருக்கிறார். ஓட்டை இல்லாததால் அது தண்ணீர் ஓடும் வழியையே அடைத்து வண்டியைக் கொதிக்கவைத்திருக்கிறது. மஞ்சள் எங்கே போகிறது என்று என் மனைவி வேலைக்கார அம்மாவைச் சந்தேகப்பட்டதுதான் மிச்சம். என் அம்மா பள்ளி வாசலில் காத்து நிற்கக்கூடாது என்றுதானே போட்டிருக்கிறார்! அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நானும் மெக்கானிக்கும் ரேடியேட்டரைக் கழற்றி, அடைப்பெல்லாம் எடுத்து மாட்டினோம். மஞ்சள் டப்பா பரண் ஏறியது.

மறுநாள் முள் நடுவிலேயே நின்றது. தெப்பக்குளம் தாண்டியது, மாட்டுத்தாவணி தாண்டியது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பள்ளி வாசலில் அப்பா இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். பிள்ளைகள் எல்லாரும் போயிருந்தார்கள்.

"எங்கய்யா உங்கம்மா?"

"பஸ்ல போயிருப்பாங்கப்பா."

"வண்டிதான் நல்லா ஓடுதுல்ல. நாந்தான் நேரத்துக்கு வந்துட்டேன்ல. அவ ஏன் நிக்கல?"

வாட்ச்மேனிடம் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேட்டார். அப்படி யாரும் இங்கே இல்லையே என்றார் அவர். வழியெல்லாம் அப்பா அழுதுகொண்டு வந்தார். "எம்மேல என்ன கோவம் அவளுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வீடு வந்தும் மறக்கவில்லை. காபி ஆறிக் கிடந்தது.

அடுத்த நாள் நாலு மணிக்கு மறுபடியும் காரில் இருந்தார். கிளம்பினேன். தெப்பக்குளத்து மதிலோரம் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பானட்டைத் தூக்கிவைத்தேன். முள் நடுவில்தான் இருந்தது.

அப்பா இறங்கி வந்து, ஒரு சொட்டு ஈரமில்லாத ரேடியேட்டரைக் குனிந்து பார்த்தார்.

"ஒழுகுதுய்யா" என்றார்.

"ஆமாப்பா" என்றேன்.

"அவ பஸ்ல வந்துருவா. வண்டியத் திருப்பு."