வளைவில் நட்ட கருவைக் கொப்பு

சுப்புராஜ் யாரையும் நம்பமாட்டார். பெட்ரோல் பங்கில் மீட்டர் பூஜ்யம் காட்டினால், அது நிஜப் பூஜ்யம்தானா என்று குனிந்து பார்ப்பார். முன்பின் தெரியாதவர்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி எம்.ரெட்டியபட்டியில் வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறார் என்பது வேறு விஷயம்.

ஊரைவிட்டு அருப்புக்கோட்டை ரோட்டில் ஏறும் வளைவில் ஒரு பள்ளம். சித்திரையில் அதன் விளிம்பு அவருடைய டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. புது டயர் மாட்டிய மறுநாளே, பள்ளத்தில் ஒரு வேலிக்கருவைக் கொப்பு நின்றது. வண்டிகள் ஒதுங்கிப் போகட்டும் என்று யாரோ நட்ட அடையாளம். அவரும் ஒதுங்கித்தான் போனார். கொப்பிலிருந்து உதிர்ந்த முள் புது டயரில் ஏறியது. அடுத்த வாரம் இன்னொரு முள்.

இரண்டு தடவையும், அருப்புக்கோட்டைத் தறிக்காரர் லிங்கத்தை டயாலிசிஸுக்கு மதுரை கூட்டிப்போக வேண்டிய நாள். நேரம் தவறினால் ஆஸ்பத்திரியில் படுக்கை அடுத்தவருக்குப் போய்விடும். "இன்னொருக்க லேட்டாச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்கிறேன்" என்று லிங்கம் சொல்லிவிட்டார். சுப்புராஜுக்கு நிலையான சவாரி என்று இருந்தது அது ஒன்றுதான்.

வளைவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருளாண்டியின் பஞ்சர் கடை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

"கொப்ப நீதான நடுற, மச்சான்?"

இருளாண்டி டயரிலிருந்து முள்ளைப் பிடுங்கினார். "நான் வச்சா ஆணியில்ல வப்பேன், மாப்ள. முள்ள நம்பியா கட போட்டிருக்கேன்?"

"அப்ப யாரு?"

"சொன்னா நம்பவா போற?"

நியாயமான கேள்வி. சுப்புராஜ் கொப்பைப் பிடுங்கி எறிந்தார். மறுநாள் அதைவிடப் பெரிய கொப்பு நின்றது. அதையும் எறிந்துவிட்டு, சாயங்காலம் புதர் மறைவில் குந்தினார். ஆடுகள் போயின. பின்னால் ஒரு பெண் வந்தாள், கையில் அரிவாள், தோளில் கொப்பு. முகம் தெரியுமுன்பே நடை தெரிந்தது. மனைவி தங்கலட்சுமி.

"நீயா?"

"பின்ன? போன டயரு இந்தப் பள்ளத்துலதான போச்சு. நான் நட்ட கொப்ப எந்தக் களவாணிப்பயலோ பிடுங்கிப் போடுறான். அவன் கை வெளங்குமா?"

சுப்புராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேப்பங்கொப்பு வைக்கலாம்ல?"

"வச்சேனே. ஆடு தின்னுருச்சு."

சுப்புராஜ் அரிவாளை வாங்கி முள்ளையெல்லாம் சீவினார். மொட்டைக் கம்பை நட்டு, உச்சியில் தன் சிவப்புத் துண்டைக் கட்டினார். சீவிய முள்ளைத் தங்கலட்சுமி கூட்டி அள்ளினாள். அள்ளிய இடத்தில் ஒன்றும் மிச்சமில்லையா என்று அவர் தரையை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

மறுநாள், சொன்ன நேரத்துக்கு முன்பே லிங்கத்தின் வாசலில் கார் நின்றது. லிங்கம் படியில் நின்றபடியே வண்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னப்பா அதிசயம். வேற வண்டி பேசிட்டேன்னு யாரும் சொன்னாகளா?"

"இல்லையே. பேசிட்டீகளா?"

லிங்கம் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். மதுரை வரும்வரை சுப்புராஜ் ரோட்டைவிடக் கண்ணாடியில் தெரிந்த பின்சீட்டைத்தான் அதிகம் பார்த்தார்.