கைக்கு வந்த செம்போத்து

எனக்கு மூச்சிளைப்பு. கொஞ்சம் பனி இறங்கினால் போதும், என் நெஞ்சு போடும் விசில் செம்மநத்தத்தில் பக்கத்து வீடுவரை கேட்கும். செம்போத்துக் கறி தின்றால் இளைப்பு ஓடிவிடும் என்று ஊரே சொன்னது. சொல்லுவது சுலபம். காப்பிச் செடிக்குள் பதுங்கித் திரியும் அந்தப் பறவையை யார் பிடிப்பது? என் தாய்மாமா உண்டிவில்லோடு அலைந்து, காலில் முள் கிழித்ததுதான் மிச்சம்.

அன்று காலை தன் ஊரான தலைச்சோலையிலிருந்து வந்த மாமாவின் கையில் உயிரோடு ஒரு செம்போத்து இருந்தது. வரும் வழியில் எங்கள் காப்பி நாற்றங்காலில் கிடைத்ததாம். அப்பா எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு வாயெல்லாம் பல். மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, முதல் கரண்டியை ஆற்றி எனக்கு ஊட்டினாள்.

அடுத்த கரண்டி வாயருகே வந்தபோது அப்பா உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டவர் சிரிக்கவில்லை. அதை எப்படிப் பிடித்தாய் என்று மாமாவிடம் கேட்டார்.

“புடிக்கவே இல்லீங்க மச்சான். நாத்துக்குள்ள கண்ணச் சொருகிட்டு உக்காந்திருந்துச்சு. சும்மா கையில எடுத்துட்டு வந்தேன்.”

அப்பா கரண்டியைத் தட்டிவிட்டார். சட்டியும் கவிழ்ந்தது. நக்க ஓடிவந்த நாயைக் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போய்க் கட்டினார். நாற்றைத் தின்னும் நத்தைகளுக்கு முந்தின சாயங்காலம்தான் அவர் விஷம் தூவியிருந்தார். செம்போத்துக்கு நத்தை என்றால் உயிர்.

“நத்தையத் தின்னுருக்குது. நீ குடிச்சிட்டியா சாமி?”

ஒரு வாய் குடித்தேன் என்றேன். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. என்னை வண்டியில் முன்னால் உட்காரவைத்து, பின்னால் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஏற்காடு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். வளைவுக்கு வளைவு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் பதில் சொல்லத் தாமதித்தால் அம்மா அலறினாள். எனக்கோ கோபம். நத்தையைத் தின்றது பறவை. இதில் நான் எங்கே வந்தேன்? நல்ல கறி வீணாய்ப் போனதே என்று பொருமிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம்வரை படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை, கூட்டிப்போகலாம் என்றார் டாக்டர்.

திரும்பும் வழியில் அப்பா வண்டியை ஓரம் கட்டினார். சாலையோரம் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. பக்கத்தில் போய் அவர் தோளைத் தட்டினேன்.

“அழுவாதீங்கப்பா. நாத்துக்குள்ள இன்னும் நொம்ப நத்தை கெடக்குது. வேற செம்போத்து வரும்.”

இவ்வளவு ஆறுதல் சொன்ன பிறகும் அவர் ஏன் முன்னைவிடப் பலமாக அழுதார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.