முசியேவின் மூன்று குதிரைகள்

இரண்டு பேர் படுத்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத வீடு எங்களுடையது. இதில் குதிரையை எங்கே கட்டுவது? என் வீட்டுக்காரர் ஜட்கா வண்டி ஓட்டினார். பெரிய வாய்க்கால் ஓரத்துப் புறம்போக்கில் ஒரு வேப்பமரம் இருந்தது. அங்கேதான் எங்கள் பெட்டைக் குதிரை நிற்கும், இன்னும் இரண்டு வண்டிக்காரர்களின் குதிரைகளோடு. தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஜன்னல் வழியே மூன்றும் எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில், பொது இடத்தில் குதிரை கட்டக்கூடாது என்று முனிசிபாலிட்டி தண்டோரா போட்டது. நாங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருநாள் முனிசிபாலிட்டி மேஸ்திரி இரண்டு ஆட்களோடு வந்து எங்கள் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய், பிடிபட்ட மாடுகளை அடைக்கும் பவுண்டில் அடைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி மீட்டுவந்தார். "இன்னொரு வாட்டி புடிச்சா ஏலந்தான்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்று அவர் சோற்றைத் தொடவில்லை. எனக்கோ கோபம் கோபமாக வந்தது. குதிரையை விட்டால் அந்த மனிதருக்கு வேறு என்ன தெரியும்?

எதிர்ச் சாரியில், மதில் வைத்த வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்; நேரில் கூப்பிடுவது 'முசியே', ஐயா என்று. ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் அணிவகுப்பில் மார்புக்குக் குறுக்கே போட, அவர்கள் கொடியின் நீலம், வெள்ளை, சிவப்பில் பட்டு கொடுத்து ஒரு பட்டை தைக்கச் சொன்னார். தைத்துக் கொடுத்தேன். மிச்சத் துணி எங்கே என்று கேட்டார்.

"எல்லாம் சரியா பூடிச்சி முசியே."

வெட்டுத்துணி தையல்காரிக்கு என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். வெட்டும்போது கொஞ்சம் தாராளமாக வெட்டினேன், ஒத்துக்கொள்கிறேன்.

அந்தப் பட்டில் ஒரு பூ தைத்துக் குதிரையின் நெற்றியில் கட்டினேன். மறுநாளே மேஸ்திரி வந்தார். கயிற்றில் கை வைத்த ஆளைத் தடுத்தார்.

"வுடுறா, பூவப் பாத்தியா? இது இப்ப சொல்தா வூட்டு குதிர. இதத் தொட்டுட்டு பிரான்சுக்கு யாரு பதில் சொல்றது?"

மற்ற இரண்டையும் அவிழ்க்கப் போனார்கள். சொந்தக்காரர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து குதிரைகளைக் கடற்கரைப் பக்கம் ஓட்டிப் போனார்கள். சாயங்காலம் அவர்களுடைய பெண்சாதிகள் என் வாசலில் நின்றார்கள். "அக்கா, எங்களுக்கும் அந்தப் பூ." துணிதான் இருந்ததே, தைத்துக் கொடுத்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு. ஒரு குதிரை பூ வைத்திருந்தால் மரியாதை, மூன்றும் வைத்திருந்தால் சந்தேகம். அடுத்த முறை வந்த மேஸ்திரி நேராகப் போய் சொல்தாவையே அழைத்துவந்துவிட்டார்.

"இன்னா முசியே, மூணும் உங்க குதிரங்களா?"

லுங்கியும் பனியனுமாக வந்திருந்தார் மனிதர். நடை மட்டும் அணிவகுப்பு. எங்கள் குதிரையின் நெற்றிப் பூவை விரலால் தடவிப் பார்த்தார். தடவிக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி என் ஜன்னலைப் பார்த்தார். நான் மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். குதிரையும் ஏலத்துக்குப் போகப் போகிறது, துணி திருடி என்ற பேரும் வரப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தப் பட்டு என்னுது" என்றார். "அப்ப குதிரயும் என்னுதுதான்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "அப்ப உங்க மதிலுக்குள்ள கட்டிக்குங்க. பொறம்போக்குல நின்னா யாருதா இருந்தாலும் புடிப்பேன்."

"கட்டிக்கிறேன். உள்ள தோட்டம் சும்மாதான் கெடக்குது."

மரத்தடியில் நின்ற என் வீட்டுக்காரர் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். ஜன்னலுக்குள் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது. மேஸ்திரி அதோடு விட்டிருக்கலாம்.

"மூணு குதிர லத்தி சேருமே முசியே, யாரு அள்றது?"

"தோ, மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கினு இருக்கா பாரு, துணிய வெட்டுனவ. அவ அள்ளுவா."

அள்ளினேன். குதிரைகள் அந்தத் தோட்டத்தில் இருந்த வரைக்கும் தினம் காலையில் கூடையோடு போய் அள்ளினேன். அதன் பிறகு யார் துணியிலும் கூடுதலாக வெட்டியதில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அடுத்த ஜூலைக்கும் அவர் பட்டு கொடுத்தார். குதிரைகளின் பூவும் அதற்குள் வெளுத்துப்போயிருந்தது.