சிவப்புச் சீலைக்கு அங்கால்

பிள்ளையள், குளத்தில் படகேற நீங்கள் ஆசைப்பட்டபோது வேண்டாமென்று கத்திவிட்டேன். உங்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. காரணத்தை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்போது சமாதான காலம். எனக்கு ஒன்பது வயது. கடற்கரையை விட்டு இடம்பெயர்ந்து வந்தவர்களின் சின்னப் பாய் வள்ளங்கள் வயலூர்களில் சும்மா கிடந்தன. அந்தத் தை மாதம் அவற்றை உழவு மெசின் இழுக்கும் பெட்டிகளில் ஏற்றிப்போய், ஆனையிறவுப் பக்கத்துக் கடலில் ஒருநாள் ஒன்றாக ஓட விடுவதென்று பெரியவர்கள் கதைத்து முடித்தார்கள்.

வட்டக்கச்சியில் எங்கள் மாமாவின் வள்ளம், கொட்டிலுக்குள் நெல் போட்டு வைக்கும் பெட்டியாகிப் பல வருடம். நெல்லை அள்ளிவிட்டு ஏற்றினார்.

“மச்சான், ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போடேல்லையோ? பலகை காஞ்சு நீக்கல் விட்டிருக்கும்” என்றார் அப்பா.

“இந்த மாரியில நனையாத சாமானும் வன்னியில இருக்கோ?” என்றார் மாமா.

நெல் நனையக்கூடாதென்று அந்தக் கொட்டிலை இறுக்கி வேய்ந்தவரே அவர்தான்.

கடலுக்குள் வரிசையாகத் தடி நட்டுச் சிவப்புச் சீலை கட்டியிருந்தார்கள். அதற்கு அங்கால் கண்ணிவெடி எடுத்து முடியவில்லை என்றார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நனைந்த சீனவெடி வெடிக்காது. தண்ணீருக்குள் கிடப்பதும் அப்படித்தான் என்று நினைத்தேன். எனக்கு நீந்தத் தெரியாது. என் பயமெல்லாம் தண்ணீருக்குத்தான்.

வள்ளம் காற்றில் சரியாதிருக்க மாமா என்னைப் பாரத்துக்கு ஏற்றிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும் குதிக்கால் குளிர்ந்தது. பலகை நீக்கலால் தண்ணீர் வந்தது, அதில் நெல்மணிகள் மிதந்தன. பயந்தாங்கொள்ளி என்பார்களே என்று காலால் பொத்திப் பார்த்தேன். கணுக்கால் மூடிய பிறகுதான் வாய் திறந்தது.

“மாமா, தண்ணி!”

“கடலில தண்ணி இல்லாமல் பாலோடா இருக்கும்?”

குனிந்து பார்த்தவர் பிறகு பகிடி விடவில்லை. சட்டியால் அள்ளி அள்ளி ஊற்றினார். பாரமான வள்ளம் சொல்லுக் கேட்காமல், காற்றோடு சரிந்து சிவப்புச் சீலையைக் கடந்தது. மற்ற வள்ளங்கள் இங்கால் நின்றுவிட்டன.

மாமா பாயை இறக்கினார்.

“நீ பாய்மரத்தைப் பிடி. ஒராள் இறங்கினால் வள்ளம் தாழாது.”

கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் வந்தது! அவ்வளவு நேரமும் குழறி அழுத எனக்குப் பயம் பறந்துவிட்டது.

“நானும் இறங்கிறன் மாமா.”

“இறங்காதை! அசையாதையடா நாயே!”

ஒருநாளும் அவர் என்னை அப்படி ஏசியதில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தபடி, பெருவிரலால் தடவி ஒரு காலை வைத்தார். நின்றார். பிறகு மற்றக் கால். விசிலடித்துக்கொண்டிருந்த கரை அடங்கிவிட்டது. அப்பாவை நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். அம்மா தலையில் கைவைத்து மணலில் இருந்தா. கரையேறியதும் மாமா குனிந்து ஓங்காளித்துச் சத்தி எடுத்தார்.

இடுப்பளவு தண்ணீருக்கு இவ்வளவு பயமா!

அடுத்தநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, வயல் வாய்க்காலில் தனியாக இறங்கினேன். பெருவிரலால் தடவி ஒரு காலை வைத்தேன். மூச்சைப் பிடித்து நின்றேன். பிறகு மற்றக் காலை இழுத்தேன். மாமாவைப் போலவே நடந்து பார்த்தேன். அக்கரை சேரும் மட்டும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.