மூணாவது கூறு

இங்க இங்கிலாந்துல, லீட்ஸ்ல, பக்கத்து வீட்டுச் சூசன் ஒரு கூடை பிளம் பழத்தோட வந்து, "டிவ்வி அப் பண்ணிக்கலாம்" என்பாள். ரெண்டு பையை விரிச்சு, கைக்கு வந்ததை இதுல ஒரு பிடி, அதுல ஒரு பிடி போடுவாள். எண்ண மாட்டாள். அவ்வளவுதான் பங்கு. முதல்ல எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.

அந்த வார்த்தையை மககிட்டக் கேட்டேன். நான் படிச்சது அஞ்சாப்பு. "பேச்சுலதாம்மா சொல்லுவாங்க, கடுதாசியில எழுத மாட்டாங்க. பீட்சாவுக்கும் சொல்லலாம், வீட்டு வேலைக்கும் சொல்லலாம்" என்றாள். ஷேர்னா ஒரே குடைக்குள்ள ரெண்டு பேர் நின்னுக்கலாம். டிவ்வி அப்னா ஆளுக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டு விலகிப் போயிரணும். நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

செம்பட்டிப் பக்கம் எங்க தோப்புல இதுக்குக் கூறு போடுறதுன்னு பேரு. தேங்காயைக் கூறு கூறா வச்சு, ஒருத்தர் திரும்பி நின்னுக்குவாங்க. இன்னொருத்தர் ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேக்கணும். திரும்பி நிக்கிறவங்க பேர் சொல்லணும். ஓரவஞ்சனை வராது. சின்னதுல நானும் அக்கா பேச்சியும் சேர்ந்துதான் கேப்போம், ஒரே குரலா. அவள் பதினோரு வயசுல காய்ச்சல்ல போயிட்டாள். ஆனாலும் கூறுல ஆளைக் குறைக்க அம்மா விடல. பேச்சி பேருக்கு விழுந்த கூறு கிணத்து மேட்டுக்குப் போகும். மறுநாள் இருக்காது. யார் எடுத்தான்னு யாரும் கேட்டதில்லை.

நான் இங்க மக வீட்டுக்கு வந்து மூணு வருசமாச்சு. இன்னமும் என் பேரைச் சொல்லுறாங்களா? அது ஒண்ணுதான் நெஞ்சுல அரிச்சுக்கிட்டே கிடந்துச்சு. கேக்கக் கூச்சம். போன மாசம் தம்பி வீடியோ அனுப்பினான். அவன் பொண்டாட்டி திரும்பி நிக்கிறாள். நாலு கூறு. "இது யாருக்கு?" "சரசு மதினிக்கு!" எனக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. செத்த நேரத்துல அந்தக் கூறைத் தூக்கிக்கிட்டுப் போய்க் கிணத்து மேட்டுல, பேச்சி கூறுக்குப் பக்கத்துல வச்சாங்க.

போன் போட்டேன். "ஏலே, என் கூறை ஏன்டா அங்க வச்சீங்க?"

"பெறகு எங்கக்கா வைக்க? பிளேன்லயா ஏத்திவிட? எடுக்க ஆள் இல்லாத கூறெல்லாம் அங்கதான்" என்று சிரிச்சான்.

"எடுத்தது யாரு?"

சிரிப்பு நின்னுச்சு. "அது... காலையில பாத்தா இல்லக்கா. ரெண்டுமே."

மறுநாள் சூசன் பழம் கொண்டுவந்தாள். கையைக் காலை ஆட்டி எங்க முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஏதோ விளையாட்டுன்னு நினைச்சு, சிரிச்சுக்கிட்டே சுவத்தைப் பாத்து நின்னாள். முதல் கூறைத் தொட்டு, "இது யாருக்கு?" என்றேன். "யூ" என்றாள். அடுத்ததுக்கு "மீ" என்றாள். கையை எடுக்கும்போதுதான் பாக்குறேன், ஆள் ரெண்டு, பழக்கதோசத்துல ஒண்ணு கூட்டி மூணு கூறு வச்சிருக்கேன். வச்சது வச்சாச்சு, கேட்டேன். சூசன் சிரிக்கல. "ஃபார் த கேர்ள்" என்றாள்.

"எந்தக் கேர்ள்?"

திரும்பி எனக்குப் பின்னால தேடினாள். மக வேலைக்குப் போயிருந்தாள், வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, ரெண்டு விரலை நீட்டினாள். "டூ" என்றாள். ரெண்டு குரல் கேட்டுச்சாம்.

தன் கூறைப் பையில அள்ளிக்கிட்டுப் போயிட்டாள். நான் மூணாவது கூறை எண்ணி, ஏழு பழம், பின்வாசல் படியில வச்சுட்டு வந்தேன். அது பேச்சிக்கா, இல்லை அங்க கிணத்து மேட்டுல இருக்குற எனக்கான்னு தெரியல. எனக்கு விழுந்த கூறையும் அன்னிக்கு நான் தொடல.

காலையில கதவைத் திறந்தேன். படியில ஆறு பழம்தான் இருந்துச்சு. என் வாயெல்லாம் பிளம் புளிப்பு.