தராசு மாட்ட இடமில்லை

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் புதுப் பிள்ளைக் காம்பராவை யாராவது புகழ்ந்து பேசினால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரியும். சிவப்புத் தகரக் கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், பச்சை ஜன்னல். நோட்டன் பிரிட்ஜுக்குப் போகிற பஸ்ஸில் இருந்து பார்த்தால் துரை பங்களா மாதிரி தெரியும். தெரியட்டும் என்றுதான் ரோட்டோரத்தில் கட்டினார்கள். பஸ்ஸில் போகிறவர்களா வந்து பால் கொடுக்கப் போகிறார்கள்?

பழைய காம்பரா மேல்மலையில், நாங்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருந்தது. ஒழுகும், புகை மண்டும். அதை நான் மெச்சவில்லை. ஆனால் நாங்கள் கொழுந்து எடுக்கிற மலைக்கு அது பக்கம். காலையில் பிள்ளையை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவோம். வெயில் ஏறுகிற நேரத்தில் கங்காணி, "புள்ளக்காரிங்க போங்க!" என்று குரல் கொடுப்பார். கூடையைச் செடி நிரையிலேயே வைத்துவிட்டு ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு, கொழுந்து நிறுப்பதற்கு முன்னால் திரும்பிவிடலாம். புதுசைத் திறந்த கையோடு பழையதைப் பிடுங்கிப் போட்டார்கள். அப்போது என் மகள் நாலு மாதக் கைக்குழந்தை. எனக்குத் தலைச்சன் பிள்ளை.

புதுக் காம்பராவுக்குப் போவதென்றால் மலையை முழுக்க இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மறுபடியும் ரோட்டுக்கு ஏற வேண்டும். திரும்பி வருவதற்குள் நிறுவை முடிந்துவிடும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். அதனால் பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவைதான் போக முடிந்தது. மற்ற நேரமெல்லாம் ஆயா பால்மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுத்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். வீறிடுகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்வாள்? இங்கே மலையில் எனக்கு மார் கட்டிக்கொண்டு கல்லாகக் கிடக்கும். சட்டை நனைந்து, இடுப்பில் கட்டிய சாக்கு வரைக்கும் பால் வழியும். அந்தக் காற்றில் ஈரச் சட்டையோடு நின்றவளுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். வலி தாங்காமல் செடி மறைவில் குனிந்து பீய்ச்சிவிடுவேன். என் பிள்ளை குடிக்க வேண்டிய பாலைத் தேயிலைக்கு ஊற்றினேன்.

இதில் என்ன வேடிக்கை என்றால், காம்பரா கட்டுவதற்கு முன்னால் கமிட்டி போட்டிருக்கிறார்கள்! தொழிலாளிகளைக் கலந்து பேசித்தான் செய்ய வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவாம். கமிட்டியில் யார் யார்? மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையா, டிஸ்பென்சரி ஐயா, பெரிய கங்காணி, எங்கள் சங்கத் தலைவர். நாலு பேரும் மீசை வைத்த ஆம்பிளைகள். ஜன்னலுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று வெகுநேரம் பேசினார்களாம். என் வீட்டுக்காரர் இதைச் சொன்னதும் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே தலைவர் வீட்டு வாசலுக்குப் போனேன்.

"ஏண்ணே, உங்க நாலு பேர்ல யாரு புள்ளைக்கிப் பால் குடுக்கிறீங்க?" என்றேன்.

அவர் சிரித்தார். "என்னா தங்கச்சி இப்புடிக் கேக்குற? கட்டடம் கட்டியாச்சு. இனி மலையைத் தூக்கியா அங்க வைக்க முடியும்?"

"கட்டுறதுக்கு முந்தி எங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பொம்பளைங்கள்ட்ட என்னத்தக் கேக்குறது?" என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாட்டுக்கு ஓட்டுப் போடத்தான் தோட்டத்துத் தமிழர்களான எங்களுக்கு உரிமை இல்லை என்று சட்டம் போட்டிருந்தார்கள். பெற்ற பிள்ளையை எங்கே தூங்கப் போடுவது என்று சொல்லக்கூடவா உரிமை இல்லை? மறுநாள் மலையில் மற்றப் பிள்ளைக்காரிகளோடு பேசினேன். எல்லாருக்கும் அதே வலி, அதே ஈரச் சட்டை.

அடுத்த நாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் நாங்கள் யாரும் ரோட்டுப் பக்கம் இறங்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேல்மலை மடுவத்துக்கு ஏறினோம். கொழுந்து நிறுக்கிற கொட்டகைதான் மடுவம். அதன் நடுவில் தராசு மாட்டுவதற்கென்று ஒரே ஒரு கனத்த உத்தரம் உண்டு. அந்த உத்தரம் முழுக்கச் சீலைத் தொட்டில் கட்டினோம். ஒருத்தி காவலுக்கு இருக்க, மற்றவர்கள் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கப் போனோம். நடுவில் வந்து பால் கொடுத்தோம். என் மகள் அன்றைக்கு வயிறு நிறையக் குடித்துவிட்டு, உதட்டில் பால் ஒட்டியபடியே தூங்கினாள்.

நிறுவைக்குத் தராசோடு வந்த கணக்கப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாடி இது கூத்து? அவுருங்க! தராசு மாட்ட எடமில்லியே!"

"புள்ள தூங்குது, ஐயா. நீங்களே அவுத்துக்கிருங்க" என்றேன்.

தூங்குகிற பிள்ளையின் தொட்டிலை அவிழ்க்க எந்த மனுஷனுக்குக் கை வரும்? அவருக்கும் வரவில்லை. கைக்குழந்தை இல்லாத பெண்களும் கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்களோடு நின்றார்கள். கொழுந்து கூடையிலேயே கிடந்து சூடேற ஆரம்பித்தது. வெந்துபோனால் தூளுக்கு ஆகாது. லொறி ஹோர்ன் அடித்தது. கண்டாக்கையா ஓடி வந்தார், கத்தினார், கடைசியில் பெரிய துரையே ஜீப்பில் வந்து இறங்கினார். எங்கள் பால் வீணானபோது ஒரு நாய்கூட எட்டிப் பார்க்கவில்லை. கொழுந்து வீணாகும் என்றதும் துரையே வந்துவிட்டார்!

துரை தொட்டில்களைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

"கட்டடம் நல்லா இல்லியான்னு தொர கேக்குறாரு" என்றார் கண்டாக்கையா.

"கட்டடம் ரொம்ப நல்லாருக்குங்க. அத மலைக்கு வரச் சொல்லுங்க" என்றேன்.

பின்னால் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். துரைக்கும் விஷயம் விளங்கியது. மடுவத்தை ஒட்டி ஓர் அறை இறக்கித் தருவதாகச் சொன்னார். தொட்டில்களை அவிழ்த்தோம்.

ஆனால் கொழும்பில் கம்பெனி சம்மதிக்க வேண்டுமாம். அதுவரைக்கும் பிள்ளைகளைப் பழையபடி ரோட்டுக் காம்பராவில்தான் விட வேண்டும், மீறினால் வேலை கிடையாது என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். கம்பெனி சம்மதித்தது, பலகை வரவில்லை. பலகை வந்தது, மழை பிடித்துக்கொண்டது. நான் தினமும் செடி மறைவில் பீய்ச்சினேன். வரவர மார் கட்டுவது குறைந்தது. ஒரு நாள் சட்டை நனையவே இல்லை. அன்றைக்குத்தான் நான் நிரையில் நின்றபடியே அழுதேன்.

மழை விட்ட பிறகு மேல்மலை அறையைத் திறந்தார்கள். வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம். துரை, தலைவர், எல்லாரும் மாலையோடு வந்திருந்தார்கள். மற்றப் பிள்ளைக்காரிகள் உள்ளே உட்கார்ந்து பால் கொடுத்தார்கள். மனசு கேட்காமல் நானும் உட்கார்ந்து மகளை மாரோடு அணைத்துப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆயா கையில் இருந்த போத்தலைப் பார்த்துத் தாவினாள்.

"எங்கிட்டக் குடும்மா" என்றாள் ஆயா, என் முகத்தைப் பார்க்காமல். கொடுத்தேன்.

வெளியே துரை பேசிக்கொண்டிருந்தார். தாய்மாரைக் கலந்து பேசி, தாய்மார் சொன்னபடியே கட்டியது இது என்று கண்டாக்கையா தமிழில் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. நான் தட்டவில்லை.