கிடாவின் துணியைத் துவைத்த ஆயுத பூஜை

எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில் அத்தாவுக்கு ஒரே ஒரு கேள்விதான் பயம். "பொண்ணு என்ன வேலை பாக்குது?" அத்தா பெரிய கடைவீதிப் பக்கம் பூட்டும் கீலும் விற்றவர், பேச்சில் யாரையும் மடக்கிவிடுவார். இந்தக் கேள்வி வந்தால் மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "விலங்குகள் சம்பந்தமா ஆராய்ச்சி" என்று சொல்லி டீ கிளாஸை நகர்த்திவைப்பார். அம்மாவுக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "ஆட்டு வயித்துல குட்டி வைக்கிறா. நல்ல சம்பளம்."

இரண்டு வரன்கள் அப்படியே எழுந்து போயின. மூன்றாவதாக வந்தவர் தட்டில் இருந்த சமோசாவை மறந்துவிட்டு, "எப்படி வைப்பீங்க?" என்று கேட்டார். அவரையே கட்டிக்கொண்டேன்.

அம்மா சொன்னதில் தப்பும் இல்லை. நல்ல ரகப் பெட்டை ஆடு ஒன்று தன் வாழ்நாளில் போடக்கூடிய குட்டிகள் கொஞ்சம்தான். அதனிடமிருந்து கருக்களை எடுத்து, சாதாரண ஆடுகளின் வயிற்றில் வைத்துவிட்டால் சுமக்கிற வேலையை அவை பார்த்துக்கொள்ளும். வாடகைத் தாய் விவகாரம்தான். மனிதர்களுக்குச் செய்தால் பேப்பரில் படம் போடுகிறார்கள். செம்மறிக்குச் செய்தால் வரன் எழுந்து போகிறது.

கரு எடுப்பதும் வைப்பதும் என் வேலை. பிறந்த குட்டி யாருடையது என்று மரபணுவைப் பார்த்துச் சொல்வது பக்கத்து அறைக்காரரின் வேலை. அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் திருமண், கையில் ஸ்டீல் டிபன் கேரியர், வாயில் எப்போதும் ஒரு "ஆனா". நான் எதைச் சொன்னாலும், "சரிதான் மேடம், ஆனா..." என்று ஆரம்பிப்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே வராந்தாவில் இத்தனை வருஷம் எப்படிக் காலம் தள்ளினோம் என்று மற்றவர்களுக்கு ஆச்சரியம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. என்னோடு இவ்வளவு அக்கறையாகச் சண்டை போட வேறு ஆள் கிடையாது.

முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் ஆட்டின் கருவைப் பார்த்த காலை இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. ஆறு நாள் வயதுக் கரு. சின்னஞ்சிறு சீதாப்பழத்தை யாரோ கண்ணாடியில் செய்து தண்ணீரில் போட்டதுபோல் இருந்தது. நான் போட்ட கூச்சலில் அவர் பக்கத்து அறையிலிருந்து டிபன் கேரியரோடு ஓடிவந்தார். பார்த்தார். நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. முதல் தடவையாக அவர் "ஆனா" சொல்லாமல் திரும்பிப் போனது அன்றைக்குத்தான்.

கரு கிடைத்ததே தவிர குட்டி கிடைக்கவில்லை. வைத்த கருக்களெல்லாம் ஆடுகளின் வயிற்றில் தங்காமல் போயின. மருந்தை மாற்றினேன், நாளை மாற்றினேன், ஊசியை மாற்றினேன். கடைசியில் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, மிகவும் அன்பாகத்தான் சொன்னார்: "இந்தத் தடவையும் குட்டி வரலைன்னா ஆட்டுக் கொட்டகையை வேற வேலைக்குக் கொடுத்துடலாம்மா. நீங்க கிளாஸ் எடுங்க, போதும்." கிளாஸ் எடுப்பது எனக்குப் பிடிக்கும். ஆனால் இந்தக் கைகள் ஒரு குட்டியைக்கூடப் பார்க்காமல் ஓய்ந்துவிடுமோ என்று பயந்தேன்.

அந்தக் கடைசி முறைக்காக மருங்காபுரிப் பக்கத்திலிருந்து கன்னங்கரேலென்று ஒரு பெட்டை ஆட்டை வாங்கி வந்தோம். அதன் கருக்களைச் சுமக்க நான்கு வெள்ளைப் பெட்டைகள். எல்லாம் ஒரே சமயத்தில் பருவத்துக்கு வந்தால்தான் கரு ஒட்டும். எது பருவத்தில் இருக்கிறது என்று மனிதக் கண்ணுக்குத் தெரியாது, கிடாவுக்குத் தெரியும். அதற்கென்றே ஒரு கிழட்டுக் கறுப்புக் கிடா வைத்திருந்தோம். அதன் வயிற்றுக்குக் கீழே கெட்டித் துணி ஒன்றைக் கட்டி, மார்பில் சிவப்புச் சாயத்தைப் பூசி உள்ளே விடுவோம். அது எந்தப் பெட்டையின்மேல் ஏறுகிறதோ அதன் பின்பக்கம் சிவக்கும். துணி குறுக்கே இருப்பதால் அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

அந்தத் துணியைத் தைத்துக் கொடுத்தது அரியமங்கலத்தில் லாரிக்குத் தார்ப்பாய் தைக்கும் பட்டறை. அளவு சொன்னதும் பட்டறைக்காரர் கேட்டார், "யாருக்கு மேடம்? இடுப்பு இவ்வளவு சின்னதா இருக்கு?" ஆட்டுக் கிடாவுக்கு என்றும், எதற்கு என்றும் விளக்கினேன். அவர் நீண்ட பெருமூச்சு விட்டு, "பாவம்ங்க அது" என்று சொல்லி இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அது பெரிய திருவிழா. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம், குங்குமம். திரவ நைட்ரஜன் கேனுக்குச் செவ்வந்தி மாலை. பொரி பங்கிடுவது வருஷா வருஷம் என் பொறுப்பு. யாருக்கும் கூடக் குறைச்சல் இல்லாமல் கொடுப்பேன் என்று எனக்குப் பெயர். அதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக்காரர் எல்லாவற்றையும் துடைத்தார்களா, கழுவினார்களா என்று ஒவ்வொரு அறையாகப் பார்த்துவருவார். அன்று கொட்டகை வாசல்வரை போனவர் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன துர்நாத்தம் இது? அந்தக் கிடாவோட துணியா? அதுவும் ஒரு ஆயுதந்தானே! நன்னா தோய்ச்சுக் காயப்போடச் சொல்லுங்கோ. பூஜை நாளும் அதுவுமா!"

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் சொன்னபடி செய்தார். சோப்புப் போட்டுத் துவைத்து, ஒரு பொட்டும் வைத்துக் கொடியில் போட்டார். பூஜை முடிந்து எல்லோரும் பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் விஜயதசமி, விடுமுறை. அண்ணன் மட்டும் வந்து, வழக்கம்போல் கிடாவின் மார்பில் சாயம் பூசி உள்ளே விட்டிருக்கிறார். அதற்கு அடுத்த நாள் காலையில் நான் போனபோது நான்கு வெள்ளை ஆடுகளின் பின்பக்கமும் செக்கச் செவேலென்று இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை! எனக்கு ஒரே குஷி. கை தட்டினேன். தட்டிய கையோடு நிமிர்ந்தால் கொடியில் துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது ஏன் இங்க தொங்குது?"

"ஈரம் காயலையே மேடம். ஈரத்தோட கட்டுனா அதுக்குச் சளி புடிச்சுக்காதா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கிடாவைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக அது என்னை நேராகப் பார்த்தது. சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

நிறுத்தவும் முடியாது. கறுப்பு ஆட்டுக்கு ஊசி போட்டு, தனியே வேறொரு நல்ல ரகக் கிடாவோடு சேர்த்தும் ஆகிவிட்டது. கருக்கள் யாருக்காகவும் காத்திருக்காது. அடுத்த வாரம் ஆட்டுக்கு ஒன்றாக நான்கு கருக்களை வைத்தேன். இனிப் பிறப்பது என் கருவா, கிடாவின் கைங்கரியமா என்பது தெரியாது. ஸ்ரீரங்கத்துக்காரர் ஒரு வாரம் என் கண்ணில் படாமல் நடமாடினார்.

ஸ்கேன் பார்த்தபோது மூன்று ஆடுகளின் வயிறு வெறுமையாக இருந்தது. நான்காவதில் உயிர் இருந்தது. இரண்டு உயிர்கள்.

"வெச்சது ஒண்ணு, இருக்கறது ரெண்டு" என்றார் அவர். "ஒண்ணு நிச்சயம் கிடாவோடது. சந்தோஷந்தான் மேடம், ஆனா..."

"ரெண்டுமே கிடாவோடதா இருக்கலாம். அதானே? சொல்லிடுங்க."

"இருக்கலாம்" என்றார் தரையைப் பார்த்து.

நோன்பு மாதத்தில் ஒரு காலை வெள்ளை ஆடு இரண்டு குட்டிகளைப் போட்டது. இரண்டும் கறுப்பு. கிடாவும் கறுப்பு என்பதால் நிறத்தை வைத்து எதுவும் சொல்ல வழியில்லை. ஒன்று பெரியது, விழுந்த சற்று நேரத்தில் எழுந்து நின்று மடியை முட்டியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் இதுதான் என்னுடையது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். இன்னொன்று நோஞ்சான். கால்கள் நிற்கவில்லை, தாயும் அதைச் சரியாகச் சேர்க்கவில்லை. புட்டிப்பால் கொடுக்க வேண்டியிருந்தது.

கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதுவரை கொட்டகை வாசலைத் தாண்டாத மனிதர், முட்டையைக்கூடத் தொடாதவர், ஒரு மாலை உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "குழந்தை பசிக்கறதுன்னு கத்தறதே, யாருக்கும் காது கேக்கலையா?" என்று எல்லோரையும் அதட்டினார். புட்டியை வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து வேட்டியில் சாணி பட்டாலும் சட்டை செய்யாமல், வைக்கோல்மேல் உட்கார்ந்து வேளாவேளைக்குப் பால் கொடுத்தார்.

சோதனைக்கு ரத்தம் எடுத்ததும் கறாராகச் சொன்னார்: "எது எந்தக் குட்டியோடதுன்னு நேக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா மனசு ஒரு பக்கம் சாயும். நீங்களே நம்பர் போட்டுக் குடுங்கோ." பெரிய குட்டியின் குழாயில் இரண்டு என்றும், சின்னதன் குழாயில் மூன்று என்றும் எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தால், சாப்பிட மறந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "குட்டியைப் பெத்த அம்மா மாதிரி இருக்க" என்று கணவர் கேலி செய்தார்.

முடிவு வருகிற அன்று ஸ்ரீரங்கத்துக்காரர் சாயங்காலம்வரை அறையைவிட்டு வெளியே வரவில்லை. நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. நான் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் புட்டியை எடுத்தார், வைக்கோல்மேல் உட்கார்ந்தார், நோஞ்சான் குட்டியை மடியில் போட்டு ஊட்ட ஆரம்பித்தார்.

"சார், நான் உங்களைக் கொன்னுடுவேன்."

"ஒண்ணு கிடாவோடது" என்றார். "ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"இன்னொண்ணு?"

"இன்னொண்ணுக்கு மருங்காபுரி ஆடுதான் தாயார். சந்தேகமே இல்லை மேடம். நீங்க வெச்ச கரு."

அவர் "ஆனா" சொல்லவில்லை. நான் மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் மூச்சு முட்டும் என்பார்களே, அது நிஜம்தான்.

"மூணாம் நம்பர்" என்றார் அவர். "மூணு யாரு? அந்தப் பெரிய பயதானே?"

விரலை நீட்டி அவர் மடியைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். குட்டி கண்ணை மூடிக்கொண்டு, வாலை ஆட்டி ஆட்டி உறிஞ்சிக்கொண்டிருந்தது. அவர் புட்டியை நகர்த்தவில்லை.

"குடுங்க சார். ஒரு நிமிஷம் நான் தூக்கிக்கிறேன்" என்று இரண்டு கைகளையும் நீட்டினேன்.

"இருங்கோ" என்றார், கண்ணைத் துடைக்காமலே. "பால் பாதியில இருக்கு. குடிச்சு முடிக்கட்டும்."

நான் அவர் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்துகொண்டேன்.